வரப்பைத் தாண்டியவனைக் கேளுங்கள்

"பொய்ப் படம்தானேம்மா, இதப் போயி ஏன் பெருசு பண்றீங்க?"

தஞ்சாவூர்ப் பக்கம் இந்தக் கேள்வியை நான் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். ஒரு பெண்ணின் முகத்தை எவனோ எடுத்து, வேறோர் உடம்பில் ஒட்டி, ஊர் வாட்ஸ்அப் குழுவில் விட்டுவிடுகிறான். வீட்டுக்குள் அழுகை. திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஆறுதல் போலச் சொல்வது இது. சற்று நேரம் போனால் அதே வாய், "இனிமே புள்ளைய போட்டோ கீட்டோ போட வேணாம்னு சொல்லு" என்றும் சொல்லும். படித்தவர்கள் இதையே வேறு மாதிரிச் சொல்வார்கள்: "ஏஐ-ன்னு லேபிள் ஒட்டணும்னு விதி வந்துடுச்சே. பொய்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்ன பிரச்சினை?"

திண்ணைப் பெரியவரும் படித்த நண்பரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். படம் பொய் என்பதுதான் இதில் உள்ள கோளாறு, அந்தப் பொய் வெளுத்துவிட்டால் கோளாறும் போய்விடும் என்று இருவரும் நம்புகிறார்கள். அரசின் பார்வையும் பெரும்பாலும் அதுவே. இந்த நம்பிக்கை தவறு என்று சொல்லத்தான் எழுதுகிறேன். அந்தப் பெண்ணுக்கு நடந்த தீங்கு பொய்யால் வந்ததில்லை. அவளைக் கேட்காமல் அவள் முகத்தை எடுத்ததால் வந்தது.

2016 ஜூனில் சேலம் மாவட்டம் இளம்பிள்ளைப் பக்கம் நடந்ததை இந்த மாநிலம் மறந்திருக்கக் கூடாது. வேதியியல் படித்த இளம்பெண். அவர் முகத்தை வேறோர் உடம்போடு ஒட்டிய படம் முகநூலில் வந்தது. பெற்றோர் காவல்துறையிடம் போனார்கள். நடவடிக்கை நகர்வதற்குள் இன்னொரு படமும் வந்தது. மறுநாள் அவர் உயிரோடு இல்லை. சைபர் பிரிவுக் காவலர் ஒருவர் புகாரைக் கவனிக்கக் கைப்பேசி ஒன்றை லஞ்சமாக வாங்கியது பிறகு தெரியவந்தது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் மன்னிப்புக் கேட்டார். படம் பொய் என்பது அந்த வழக்கில் யாருக்குத் தெரியாமல் இருந்தது? பொய் என்று சொல்லித்தானே புகாரே கொடுத்தார்கள். ஆனாலும் அந்தப் பெண் எழுதிவைத்த கடிதத்தில் இருந்த பெரிய வலி, தன் வீட்டிலேயே தன்னை நம்பவில்லை என்பதுதான்.

பொய்ப் படம் இப்படித்தான் வேலை செய்கிறது. பார்த்தவர் மனம் "பொய்" என்று ஒத்துக்கொள்ளும். பார்த்த கண் ஒத்துக்கொள்ளாது. அடுத்த நாள் அவள் குடத்தோடு தெருக்குழாய்க்கு வரும்போது, அந்தப் படத்தைப் பார்த்த கண்கள்தான் அவளைப் பார்க்கும். அது தன் உடம்பில்லை என்று மெய்ப்பிக்க அவள் தன் உடம்பைப் பற்றித்தான் பேசியாக வேண்டும். மச்சம் இருக்கிறதா, தழும்பு இருக்கிறதா என்று யாரோ ஒருவர் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொய்யை வெளுக்கும் அந்த வேலையே அவளை இரண்டாம் முறை அவிழ்க்கிறது. "பொய்தானே" என்பவர்கள் இந்த இடத்துக்கு வந்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும்.

சரி, போட்டோ போடாமலே இருக்கட்டும் என்கிறார்களே. எந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. ஒரத்தநாட்டிலிருந்து மன்னார்குடி போய், அங்கிருந்து திருத்துறைப்பூண்டி வரை ஒரு முறை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்ப் பாருங்கள். மஞ்சள் நீராட்டு விழா ஃபிளெக்ஸ், காதணி விழா ஃபிளெக்ஸ், வளைகாப்பு ஃபிளெக்ஸ். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகம் எட்டடி உயரத்தில் கடைத்தெருவில் நிற்கிறது. வைத்தது தாய்மாமன், பாசத்தில் வைத்தார். அந்தப் பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் இன்ஸ்டாகிராம் பக்கமே போனதில்லை என்றாலும் அவள் முகம் பொதுவில் இருக்கிறது. இப்போதைய கருவிகளுக்கு அந்த ஒரு முகம் போதும்.

அரசும் சேர்ந்துதான் எடுக்கிறது. நூறு நாள் வேலைத் தளத்தில் ஆட்களை நிறுத்தி ஒரு நாளைக்கு இரண்டு முறை படமெடுத்துச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமானது. ஏற்றாவிட்டால் வருகைப் பதிவு இல்லை, கூலி இல்லை. அந்தப் படங்கள் அரசின் இணையதளத்தில் யாரும் பார்க்கும்படி இருந்தன. வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்த பெண், தலையில் துண்டைக் கட்டியபடி வரிசையில் நின்றாளே, அவளிடம் போய் "ஏன் போட்டோ போட்டாய்" என்று கேட்பீர்களா? மகளிர் குழுக் கடனுக்குப் படம், வங்கிக் கணக்குக்குப் படம், சிலிண்டருக்குப் படம். காவிரிப் படுகை முழுதும் ஏழைப் பெண்ணின் முகம் கூலிக்கும் கடனுக்குமான சீட்டாகிவிட்டது. அதைக் கொடுக்காமல் அவள் வாழவே முடியாது.

லோன் ஆப் கதை இன்னும் மோசம். குழுத் தவணைக்கு இரண்டாயிரம் குறைகிறது என்று ஒருத்தி கைப்பேசியில் ஒரு செயலியை இறக்குகிறாள். அது அவள் தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கிறது, கொடுக்கிறாள். தவணை தப்பினால் அவள் முகத்தை நிர்வாண உடம்பில் ஒட்டி அத்தனை எண்களுக்கும் அனுப்புகிறார்கள். சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் கணவன் கைக்கு அது அவளுக்கு முன்பே போய்ச் சேருகிறது. இப்படிப்பட்ட வழக்குகள் நாடெங்கும் குவிந்த பிறகு, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலையும் படத் தொகுப்பையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் நெறிமுறை வெளியிட்டது. உரிமம் பெற்ற நிறுவனங்களை அது கட்டும். உரிமமே இல்லாதவன் நெறிமுறையைப் படிப்பதில்லை.

நம் வயல்களை நினைத்துப் பாருங்கள். கல்லணைக்குக் கிழக்கே கடல் வரைக்கும் நெல்வயலுக்கு வேலி கிடையாது. ஒரு முழ வரப்புதான். அந்த வரப்பைத் தாண்டி எவனாவது அடுத்தவர் வயலில் நாற்று நட்டால், "நீ ஏன் வேலி போடவில்லை" என்று சொந்தக்காரரைக் கேட்கும் வழக்கம் எந்தக் கிராமத்திலும் இல்லை. நட்டது நல்ல ரகமா கெட்ட ரகமா என்றும் கேட்க மாட்டார்கள். "யாரைக் கேட்டு இறங்கினாய்?" என்பதுதான் கேள்வி. பெண்ணை நிலத்தோடு ஒப்பிடுவது பழைய கெட்ட பழக்கம், அதை நான் செய்யவில்லை. இங்கே நிலம் அவள் முகம், சொந்தக்காரி அவளே. நில விஷயத்தில் நம் எல்லோருக்கும் தெளிவாக இருக்கும் ஒரு சின்ன நியாயம், அவள் முகம் என்று வந்ததும் மங்கிப்போவதைத்தான் சொல்கிறேன்.

லேபிள்காரர்களிடம் வருகிறேன். இவர்களோடு வாதிட நம் மண்ணிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 2024 ஜனவரியில் திமுக தலைவர்களில் ஒருவரான டி.ஆர்.பாலுவின் தன்வரலாற்று நூல் வெளியீட்டு விழாவில் மு.கருணாநிதி திரையில் தோன்றிப் பேசினார். திருக்குவளையில் பிறந்த அவர் இறந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, மஞ்சள் துண்டு, அந்தக் கரகரப்பு, மகனின் ஆட்சிக்குப் பாராட்டு, எல்லாம் இருந்தது. அடுத்த மாதமே ஜெயலலிதாவின் குரலை அதிமுக உயிர்ப்பித்தது. இரண்டும் முழுப் பொய்கள். அவர்கள் சொல்லாத சொற்கள். ஆனால் யாரும் காவல் நிலையம் போகவில்லை. உரிமை கொண்டாடக்கூடியவர்களே செய்ததும் அவர்கள் சம்மதித்ததும்தான் காரணம். இறந்தவர் சம்மதத்தை அடுத்தவர் தரலாமா என்பது எனக்கு உறுத்தும் கேள்விதான். அதைத் தனியே பேச வேண்டும். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: படம் பொய்யாக இருப்பது தன்னளவில் யாரையும் காயப்படுத்தவில்லை.

இப்போது அதைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பள்ளி ஆசிரியையின் நிர்வாணப் படம், மூலையில் "இது செயற்கையாக உருவாக்கப்பட்டது" என்ற எழுத்தோடு, அவரிடம் படிக்கும் பையன்களின் கைப்பேசிகளில் சுற்றுகிறது. லேபிள் இருக்கிறது. யாரும் ஏமாறவில்லை. தீங்கு போய்விட்டதா? நாளை காலை அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது பின்னால் எழும் சிரிப்பை அந்த எழுத்து அடக்குமா? லேபிள் வாக்காளரைக் காப்பாற்றும், முதலீட்டாளரைக் காப்பாற்றும், செய்தி படிப்பவரைக் காப்பாற்றும். ஏமாறக் கூடியவர்கள் அவர்கள். படத்தில் இருப்பவள் ஏமாறவே இல்லை. அது தானில்லை என்று முதலில் அறிந்தவள் அவள்தான். அவளுக்கு எதற்கு லேபிள்?

இது ஏதோ ஓரத்தில் நடக்கும் விதிவிலக்கு என்றும் யாரும் தள்ளிவிட முடியாது. 2019-இல் டீப்ட்ரேஸ் என்ற நிறுவனம் இணையத்தில் 14,678 டீப்ஃபேக் காணொளிகளை, அதாவது ஏஐ கொண்டு ஒருவர் முகத்தைப் பொருத்திச் செய்த போலிகளை, எண்ணியது. அவற்றில் 96 விழுக்காடு சம்மதமில்லாத ஆபாசம். தேர்தலும் போரும் அரசியலும் மிச்சத்துக்குள் அடங்கின. நாம் மேடை போட்டு விவாதித்தது அந்த மிச்சத்தைப் பற்றி.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் எந்தப் பிரிவு எதைக் குற்றம் என்கிறது என்று ஒவ்வொன்றாகப் படித்தால் நெஞ்சு கனக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு ஆபாசத்தை வெளியிடுவதைத் தண்டிக்கிறது. அந்தப் பிரிவுக்குப் பாதிக்கப்பட்டவர் பெண் இல்லை, பார்க்கிறவரின் ஒழுக்கம். சம்மதம் என்ற சொல்லே அதில் வேலை செய்வதில்லை. தன் படத்தை நம்பி ஒருவனுக்கு அனுப்பிய பெண்ணும், அதை ஊரெங்கும் பரப்பியவனும் அந்தப் பிரிவின் கண்ணுக்கு ஒரே வரிசையில் நிற்க முடியும். 66இ பிரிவு சம்மதத்தைப் பேசுகிறது, உண்மை. ஆனால் அது ஒருவரின் அந்தரங்க உறுப்பைப் படமெடுப்பதையும் வெளியிடுவதையும் பற்றியது. டீப்ஃபேக்கில் இருக்கும் உடம்பு அவளுடையது இல்லை. "அவருடைய அந்தரங்கத்தை நான் எடுக்கவே இல்லையே" என்று வாதாட அங்கே வாசல் திறந்திருக்கிறது. பாரதிய நியாய சம்ஹிதாவின் 77-ஆம் பிரிவும் மறைந்திருந்து பார்ப்பவனை, எடுப்பவனை மனதில் வைத்து எழுதப்பட்டது. அவதூறு என்றால் 356. அதற்குக் காவல்துறை தானாக வழக்குப் பதிய முடியாது, அவளே வழக்கறிஞர் வைத்து நீதிமன்றப் படி ஏற வேண்டும். போலி ஆவணம் என்றால் 336. புகழைக் கெடுக்கும் நோக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். "ஆசையில் செய்தேன், அவமானப்படுத்தச் செய்யவில்லை" என்று அவன் சொன்னால்?

2023 நவம்பரில் ராஷ்மிகா மந்தனா வழக்கில் நடந்ததே இதற்குச் சாட்சி. மின்தூக்கிக்குள் நுழையும் வேறொரு பெண்ணின் காணொளியில் நடிகையின் முகம் ஒட்டப்பட்டது. டெல்லிக் காவல்துறை போலி ஆவணம், அடையாளத் திருட்டு என்று கிடைத்த பிரிவுகளைக் கோர்த்து வழக்குப் போட்டது; 2024 ஜனவரியில் ஆந்திராவில் ஒருவரைக் கைது செய்தது. நாடே நடிகைக்காகப் பேசியது, நல்லதுதான். ஆனால் அந்தக் காணொளியில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். முகம் பறிபோனவர் ஒருவர், உடம்பு பறிபோனவர் இன்னொருவர். பொய்யைத் தேடும் சட்டம் இந்த இரண்டாமவரை எங்கே வைக்கும்? அவர் உடம்பு பொய்யில்லை. அனுமதி கேட்டார்களா என்று தேடும் சட்டம் இருந்தால் இருவரும் ஒரே புகாரில் நிற்பார்கள்.

இன்னொரு ஓட்டையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் பேசுவதில்லை. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவது குற்றம் என்று நமக்குத் தெரியும். அந்தப் பாதுகாப்பு சம்ஹிதாவின் 72-ஆம் பிரிவில் இருக்கிறது. 64 முதல் 71 வரையுள்ள குற்றங்களுக்கு மட்டும். டீப்ஃபேக்குக்கு ஆளான வயதுவந்த பெண் அதற்குள் வரவில்லை. முதல் தகவல் அறிக்கையில் அவள் பெயர், தகப்பன் பெயர், தெரு, ஊர் எல்லாம் வந்துவிட்டால் என்ன ஆகும்? அதுவரை படத்தைப் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கறிஞரின் வழக்கு வந்தது. அது போலிப் படமில்லை. நம்பியவன் மறைந்து எடுத்த காட்சி. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் 48 மணி நேரத்துக்குள் நீக்க ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டார். காவல்துறை ஆவணத்தில் அவர் பெயர் இருந்ததையும், ஆண் காவலர்கள் சூழ அவரை அந்தக் காட்சியை அடையாளம் காட்ட வைத்ததையும் கடுமையாகக் கண்டித்தார். சட்டம் தெரிந்த, உயர் நீதிமன்றம் வரை வரத் தெம்புள்ள ஒரு வழக்கறிஞருக்கே இந்த நிலை. சேதுபாவாசத்திரம் பக்கத்து மீனவப் பெண்ணுக்கு?

அந்தப் பெண் எங்கே போவாள் என்று ஒரு முறை நடந்து பார்க்கலாம். சைபர் கிரைம் காவல் நிலையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. பேராவூரணியிலிருந்து தஞ்சாவூருக்கு 70 கிலோமீட்டர் அளவு தூரம். ஒரு நாள் கூலி போச்சு. உள்ளூர் நிலையத்தில் கொடுக்கலாம், ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்படி விசாரிக்க இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அவர் பந்தோபஸ்தில் இருப்பார். புகார் வந்தது என்பதற்கான சிஎஸ்ஆர் ரசீதைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வரும்; கல்லணைக் கால்வாயின் கடைமடைக்கு அது எப்போது வரும், வருமா என்று பேராவூரணிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டமும் அந்த வாய்க்காலில்தான் வருகிறது. தலைப்பில் திறந்த செய்தி பெரிதாக வரும். கடைசி வயலில் ஈரம் இருக்காது.

2026 பிப்ரவரியில் ஒன்றிய அரசு கொண்டுவந்த விதித் திருத்தத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அந்தரங்கப் படம் பற்றிய புகார் வந்தால் 24 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்றிருந்ததை 2 மணி நேரமாக்கியது. இப்படிப்பட்ட படங்களை உருவாக்கவிடாமல் தடுக்கும் பொறுப்பையும் கருவி தரும் நிறுவனங்கள் மேல் வைத்தது. அதற்கு முந்தைய மாதம்தான் எக்ஸ் தளத்தின் குரோக் செயலி, கேட்டவர் கேட்டபடி பெண்களின் உடையைக் களைந்து படம் செய்து கொடுத்து உலகமே கொதித்தது. ஆகவே விதி வேண்டியதுதான். ஆனால் அது நிறுவனத்தைக் கட்டும் விதி. மீறினால் நிறுவனம் தனக்குள்ள சட்டப் பாதுகாப்பை இழக்கும். செய்தவன் அதனால் குற்றவாளி ஆவதில்லை. மேலும் நம் ஊரில் படம் பரவுவது வாட்ஸ்அப்பில். அங்கே பூட்டிய செய்திகளை நிறுவனமே திறந்து பார்க்க முடியாது. கைக்குக் கை போன படத்தை இரண்டு மணி நேரக் கணக்கு எட்டுவதில்லை. கரை உடைந்தால் பாசன ஊழியரான லஸ்கரும் ஊராரும் மணல் மூட்டையோடு ஓடுவது அவசியம். உடைத்தவன் யார் என்று கேட்காமல் மூட்டை மட்டும் அடுக்கிக்கொண்டிருந்தால் அடுத்த இரவு வேறோர் இடத்தில் உடையும்.

மற்ற நாடுகள் இதைத் தாண்டிப் போய்விட்டன. அமெரிக்காவில் 2025 மே மாதம் கையெழுத்தான சட்டம் உண்மைப் படத்தையும் போலிப் படத்தையும் ஒன்றாக வைத்து, சம்மதமில்லாமல் வெளியிடுவதையே குற்றமாக்கியது. பிரிட்டன் 2025-இல் உருவாக்குவதையும் குற்றமாக்கச் சட்டம் செய்தது. பள்ளி மாணவிகளின் முகங்களை டெலிகிராம் குழுக்களில் சீரழித்ததைக் கண்டு தென் கொரியா 2024 செப்டம்பரில் இன்னும் ஒரு படி போனது: வைத்திருந்தாலும் பார்த்தாலும் மூன்று ஆண்டு வரை சிறை. நம் நாட்டில், செய்து தன் கைப்பேசியில் வைத்துக்கொண்டு "அனுப்பட்டுமா" என்று இன்னும் கேட்காமல் இருப்பவன் மேல் வழக்கே இல்லை. அவன் அவளைத் தினமும் பேருந்து நிறுத்தத்தில் பார்த்துச் சிரிக்கலாம்.

புகழுள்ளவர்களுக்கு மட்டும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2015-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு இந்திப் படத்தில் ரஜினிகாந்தின் பெயரையும் சாயலையும் பாணியையும் பயன்படுத்தத் தடை விதித்தது. ஆளுமை உரிமை என்பது புகழ் அடைந்தவர்களுக்கு உரியது என்றது அந்தத் தீர்ப்பு. அதற்குப் பிறகு எத்தனையோ நடிகர்கள் நீதிமன்றம் போய்த் தங்கள் முகத்தையும் குரலையும் காத்துக்கொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அந்த உரிமையின் அடித்தளம்தான் என்னை உறுத்துகிறது. முகத்துக்குச் சந்தையில் விலை இருந்தால் அது சொத்து, எனவே காவல். நடவு நட்டுவிட்டு வரும் பெண்ணின் முகத்துக்கு விளம்பரத்தில் விலை கிடையாது, எனவே காவலும் கிடையாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னபோது விலைப்பட்டியல் எதையும் சேர்க்கவில்லை.

மெய்நிகர் உலகம், அவதாரம் என்பதெல்லாம் நமக்குத் தூரம் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். 2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் தாலி கட்டிய இணையர், அன்றே மெய்நிகர் உலகில் வரவேற்பு வைத்தார்கள். மணமகளின் இறந்துபோன தகப்பனார் அங்கே அவதாரமாக வந்து வாழ்த்தினார். மகள் விரும்பி அழைத்த அப்பா அவர். அழகான செயல், படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதே கருவியைக் கொண்டு ஒருவன் அந்த மகளின் உருவத்தையே, அவள் கேட்காமல், தன் அறைக்குள் பொம்மையாக ஆட்டிவைக்க முடியும். பிரிட்டனில் பதினாறு வயது நிரம்பாத ஒரு சிறுமியின் அவதாரத்தை மெய்நிகர் வெளியில் பலர் சேர்ந்து தாக்கியதைக் காவல்துறை விசாரிப்பதாக 2024 ஜனவரியில் செய்தி வந்தது. உடனே எழுந்த கேள்வி, "தொடவே இல்லையே?" என்பது. தொட்டதா, நிஜமா, பொய்யா என்ற கேள்விகள் அங்கே ஒவ்வொன்றாக உதிர்ந்துபோகின்றன. சம்மதித்தாளா என்ற ஒரு கேள்விதான் எந்த உலகத்திலும் நிற்கிறது.

எதிர்த்தரப்பில் நான் மதிக்கும் வாதம் ஒன்று உண்டு. புதுச் சட்டம் கொடுத்தால் ஆட்சியாளர்கள் அதை விமர்சகர்கள் மேல் பாய்ச்சுவார்கள் என்பது. நியாயமான பயம். 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானார். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகியபோது, முதல்வரும் ஆட்சியரும் காவல் ஆணையரும் ஆடையின்றி ரூபாய் நோட்டால் மறைத்து நிற்பதாக அவர் வரைந்த கோட்டுச் சித்திரம்தான் காரணம். எந்தப் பிரிவில்? அவதூறோடு சேர்த்து அதே 67. ஆபாசம் என்ற அளவுகோல் கோபத்தில் வரைந்த கலைஞனைப் பிடித்தது. மார்ஃபிங் செய்பவன் முன்னால் அது திணறுகிறது. ஆக, பயப்பட வேண்டியது ஏற்கெனவே இருக்கும் சட்டத்துக்குத்தான். பாலாவின் சித்திரம் பதவியில் இருப்பவர்களின் வெட்கமின்மையைப் பேசியது. அதைப் பார்த்த யாருக்கும் ஆட்சியரின் உடம்பு கிடைத்துவிடவில்லை. டீப்ஃபேக் பேசுவதற்கு எதுவுமில்லை. அது ஓர் உடம்பைத் தயாரித்துப் பார்ப்பவர் கையில் கொடுக்கிறது. அச்சு அசலான உருவம், அந்தரங்கமான காட்சி, சம்மதமின்மை, இந்த மூன்றும் சேர்ந்தால் மட்டும் குற்றம் என்று குறுக்கி எழுதினால் கார்ட்டூனும் நையாண்டியும் மேடை நாடகமும் வெளியே நிற்கும். 67-ஐ நம்பியிருப்பதைவிடக் கலைஞனுக்கும் அதுவே பாதுகாப்பு.

கடைசியாக, "தொழில்நுட்பம் ஓடுற ஓட்டத்துக்குச் சட்டத்தால என்ன பண்ண முடியும்?" என்று கை விரிக்கிறார்களே, அவர்களைக் குடவாசல் பக்கத்துப் பத்தூருக்கு அழைத்துப்போக வேண்டும். 1976-இல் அங்கே ஒரு கூலித் தொழிலாளி குடிசையருகே மண்ணை வெட்டியபோது செப்பு நடராசர் கிடைத்தார். சிலை கைமாறிக் கைமாறி லண்டன் போனது. கனடா நிறுவனம் ஒன்று விலைக்கு வாங்கியது. 1982-இல் லண்டன் காவல்துறை கைப்பற்றியது. வழக்கு வந்தபோது கேள்வி: சிலை யாருடையது? பாழடைந்து பூசை நின்றுபோன ஒரு கோயில் லண்டன் நீதிமன்றத்தில் வந்து "என்னுடையது" என்று சொல்ல முடியுமா? ஆங்கிலச் சட்டத்தில் கோயிலுக்கு ஆள் என்ற தகுதியே இல்லை. ஆனாலும் இந்தியச் சட்டம் அதை ஆளாக ஏற்கிறது என்பதால் நாங்களும் ஏற்கிறோம் என்று 1991-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. நடராசர் நாடு திரும்பினார்.

இடிந்த கல்லை ஆளாக்கி, கடல் கடந்து அனுப்பி, அதன் உருவத்தை மீட்டுக் கொண்டுவரச் சட்டத்தால் முடிந்தது. செய்ய வேண்டும் என்று நினைத்தார்கள், செய்தார்கள். இன்று கேட்பது அதைவிடச் சிறியது. சம்மதமில்லாமல் ஒருவரின் உருவத்தை அந்தரங்கக் காட்சியாகச் செய்வதும் வைத்திருப்பதும் அனுப்புவதும் தனிக் குற்றம் என்று ஒரு பிரிவு. 72-ஆம் பிரிவின் பெயர்ப் பாதுகாப்பு அவளுக்கும். வட்டத்துக்கு ஒரு காவல் நிலையத்திலாவது இதற்கென்று பயிற்சி பெற்ற பெண் அதிகாரி. அவர் முன்னால் அந்தப் பெண் உட்காரும்போது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டாம், மச்சம் தேட வேண்டாம், எந்தச் செயலியில் எப்போது போட்டோ போட்டாய் என்று கேட்க வேண்டாம். "உங்களைக் கேட்டுச் செஞ்சாங்களாம்மா?" என்று கேட்டு, "இல்லை" என்று அவள் சொன்னதும் எழுதத் தொடங்கட்டும்.